தூங்கி எழுந்தால் சரியாகிவிடாது, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பின் மருத்துவக் கேள்வி பதிலில், ராத்திரி மது குடித்தால் காலையில் மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதும்போது காட்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நன்றாகத் தூங்கி எழுந்து எலுமிச்சைச் சாறு குடித்தால் சரியாகிவிடும், கவலை வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறீர்கள். பாதி ஆயுளை பஸ் ஸ்டியரிங்கில் கழித்தவன் நான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

உள்ளே போன மதுவில் பெரும்பகுதியை கல்லீரல்தான் எரிக்க வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் மணிக்கு சுமார் 15 மில்லிகிராம் என்ற கணக்கில்தான் அளவு இறங்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், அவ்வளவே. தூங்கினாலும் விழித்திருந்தாலும், டீ குடித்தாலும் மோர் குடித்தாலும், தலையில் பச்சைத் தண்ணீரை ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு குவார்ட்டரை, அதாவது 180 மில்லியை, இரவு 11 மணிக்குக் குடித்து முடித்தால், காலை 4 மணிக்கும் அவருடைய 100 மில்லி ரத்தத்தில் 50, 60 மில்லிகிராம் இருக்கும். சட்டம் விட்டுக்கொடுப்பது 30. இரண்டு குவார்ட்டர் என்றால் மறுநாள் மாலை வரை அவர் வண்டியைத் தொடக்கூடாது. குடித்துவிட்டு ஓட்டுவதைத் தண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவும், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

எங்கள் டிப்போவில் முதல் டிரிப்புக்கு வந்த ஒரு டிரைவர் குளித்து, விபூதி பூசி, பளிச்சென்று நின்றார். ஊதினார், மாட்டினார். "நேத்து ராத்திரி குடிச்சதுண்ணே, காலைல ஒரு சொட்டுகூட தொடல" என்று அழுதார். அவர் சொன்னது உண்மைதான். தள்ளாட்டம் இல்லை, நாக்குக் குழறவில்லை, தெளிவாக இருப்பதாகவே அவர் நம்பினார். தூங்கினால் போய்விடும் என்று அவருக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். சஸ்பெண்ட் ஆன பிறகு அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நான் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தேன்.

குடியே தெரியாத இன்னொருவர் ஆல்கஹால் கலந்த ஹோமியோபதி சொட்டு மருந்தை நாக்கில் விட்டுக்கொண்ட கையோடு வந்து ஊதினார். வாயில் ஒட்டியிருப்பதும் கருவியில் காட்டும். வாய் கொப்பளிக்கச் சொல்லி 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்லியிருந்தால் விஷயம் தெளிந்திருக்கும். அதற்கு அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. மறுநாள் உங்கள் உள்ளூர்ப் பக்கத்தில் 'போதையில் வந்த டிரைவர்' என்று தலைப்பு வந்தது. மறுப்பு எழுதி அவரே உங்கள் அலுவலகத்துக்கு எடுத்து வந்தார். இன்றுவரை அது வெளியாகவில்லை. பஸ் எங்கே மோதினாலும் ரத்தப் பரிசோதனை முடிவு வருமுன்பே குடிபோதை என்று எழுதிவிடுகிறீர்கள். ராத்திரி டூட்டி முடித்தவனை விடியுமுன் மறுபடி வண்டியில் ஏற்றுவதைப் பற்றி நான் எழுதியனுப்பிய கடிதங்களுக்கு மட்டும் உங்கள் பக்கத்தில் இடம் கிடைத்ததில்லை. அதை இப்போது கிளற வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன், எழுத எழுத வந்துவிட்டது.

அதே பதிலில், குடித்தது தலைமுடிப் பரிசோதனையில் 90 நாள் வரை தெரியும் என்றும் ஒரு வரி இருக்கிறது. முடியில் தெரிவது போதை அல்ல, மதுவை உடல் உடைத்தபோது மிஞ்சிய தடயம். சாலையில் ஊதச் சொல்லும் போலீஸ்காரருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குடியை நிறுத்தி இரண்டு மாதமான என் மைத்துனர் அதைப் படித்துவிட்டு, இனி லைசென்ஸ் புதுப்பிக்கவே முடியாதோ என்று பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். பயப்பட வேண்டியவருக்கு ஆறுதலும், ஆறுதல் தேவைப்பட்டவருக்குப் பயமும் ஒரே பதிலில் கிடைத்திருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு இணைப்பில், அதே இடத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள். எத்தனை மில்லிக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு சின்ன அட்டவணை போட்டால் போதும். என் கணக்கை ஒரு டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்தே போடுங்கள். என் பெயர் வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்,
திண்டுக்கல்