பதினெட்டு மாதக் குழந்தைக்குக் கண்ணாடி மணியா?

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சிலந்திக் கைவினைப் பெட்டியில் உள்ள ஆபத்தான பொருட்கள்

வணக்கம்.

புகழ்பெற்ற கலைப்படைப்புகளைப் பார்த்துக் குழந்தைகள் சிலந்தி செய்வதற்கென்று நீங்கள் விற்கும் பெட்டியை என் மகளுக்காக வாங்கினேன். மேலட்டையில் ‘18 மாதம் முதல்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். உள்ளே இருப்பவை அந்த வயதுக்கு உரியவையே அல்ல.

சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா 1999-இல் உருவாக்கிய ‘மமான்’ என்ற சிலந்திச் சிற்பம் ஒன்பது மீட்டருக்கும் மேல் உயரம். அதன் வயிற்றுக்கு அடியில் ஒரு பை, அதற்குள் பளிங்கு முட்டைகள். அதைக் குழந்தையும் செய்து பார்க்கட்டும் என்று நினைத்தது அருமையான யோசனை. ஆனால் முட்டைகளுக்காக நீங்கள் வைத்திருப்பது பட்டாணி அளவுக் கண்ணாடி மணிகள்! என் மகள் முதலில் செய்த காரியம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டதுதான். பக்கத்திலேயே இருந்ததால் உடனே எடுத்துவிட்டேன்.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று உண்டு. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடும். உங்கள் மணிகளும், லேசாக இழுத்தாலே கழன்று வரும் பிளாஸ்டிக் கண்களும் அதில் தாராளமாக அடங்கும். கால்களுக்கான பஞ்சுக் கம்பிகளின் முனைகளோ விரலைக் குத்துகின்றன.

தொலைபேசியில் கேட்டதற்கு, ‘பெரியவர்கள் மேற்பார்வை தேவை’ என்று அச்சிட்டிருக்கிறோமே என்றார்கள். அந்த ஒரு வரியை வைத்துப் பொறுப்பைப் பெற்றோர் தலையில் கட்டுவதை நான் ஏற்கவில்லை.

இன்னொன்று. ஓவியர் ஓடிலோன் ரெடோனின் சிரிக்கும் சிலந்திப் படத்தைப் போட்டு, ‘எட்டுக் கால்களை எண்ணுவோம்’ என்று அட்டையில் எழுதியிருக்கிறீர்கள். அவர் வரைந்த சிலந்திக்குப் பத்துக் கால்கள். எழுதியவர் படத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இதே வேலையைப் பாதுகாப்பாகவே செய்யலாம். கட்டைவிரலை மடக்கி இரண்டு உள்ளங்கைகளையும் சாயத்தில் தோய்த்துப் பதித்தால் எட்டுக் கால்கள் வந்துவிடும். முட்டைகளுக்குக் குழந்தையின் கைப்பிடி அளவில் துணிப்பந்துகள் போதும், கண்களை வரைந்துவிடலாம்.

எனக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும். அதைவிட முக்கியம், பெட்டியை வாங்கிய எல்லோருக்கும் உடனே எச்சரிக்கை அனுப்பி, பொருட்களை மாற்றும்வரை விற்பனையை நிறுத்துங்கள். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தாருங்கள். பெட்டியை அப்படியே வைத்திருக்கிறேன், சோதிக்க வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பெட்டியை வாங்கிய தாய்