மகள்களைக் கணக்குல சேர்க்கலையே

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழ்ல செக்ரடேரியட்ங்கற அமெரிக்க ரேஸ் குதிரையப் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். 1973 பெல்மான்ட் ரேஸ எழுதின விதம் பிரமாதம். ஒன்றரை மைல 2 நிமிஷம் 24 செகண்ட்ல ஓடி 31 லெங்த்துல (ஒரு லெங்த்னா ஒரு குதிரை நீளம்) ஜெயிச்சது, பின்னாடி ஒருத்தனும் கிட்ட இல்லாததால ஜாக்கி ரான் டர்காட் தலையத் திருப்பி டைம் போர்டப் பாத்துக்கிட்டே வர்றது, எத்தன தடவ பாத்தாலும் சிலிர்க்குது. ஆனா கடைசி பாராவுல "ஸ்டட்ல சோபிக்கல"ன்னு, அதாவது குட்டிங்களுக்கு அப்பனா பேர் வாங்கலன்னு, ஒத்த வரில முடிச்சிட்டீங்களே சார், அதத்தான் ஒத்துக்க முடியல.

எதிர்பார்ப்பு எகிறிக் கெடந்துச்சு, உண்மைதான். மூணு வயசு ரேஸ் ஒண்ணுகூட ஓடறதுக்கு முன்னாடியே 32 பங்கு, பங்கு 1,90,000 டாலர்னு மொத்தம் 60.8 லட்சம் டாலருக்கு சிண்டிகேட் போட்டாச்சு (பல பேர் சேந்து குதிரையில பங்கு வாங்கறது), அவ்ளோ காசு போட்டவங்களுக்கு இன்னொரு செக்ரடேரியட்தான் வேணும், அப்படி ஒண்ணு எங்கேந்து வரும்? இத்தனைக்கும் மகன் ரைசன் ஸ்டார் 1988ல பிரீக்னஸ், பெல்மான்ட் ரெண்டும் அடிச்சான். மகள் லேடீஸ் சீக்ரெட் 1986ல அமெரிக்காவோட ஹார்ஸ் ஆஃப் தி இயர். இதுக்குப் பேரு சோபிக்கலையா?

அசல் சமாச்சாரமே மகள் வயித்துப் பேரப்பிள்ளைங்கதான். மகள் டெர்லிங்குவா பெத்தது ஸ்டார்ம் கேட், அவனோட ஸ்டட் ஃபீஸ், அதாவது ஒரு பெட்டைக் குதிரையோட சேக்க வாங்கற காசு, ஒரு கட்டத்துல 5 லட்சம் டாலர். இன்னொரு மகள் வீக்கெண்ட் சர்ப்ரைஸ் பெத்தது ஏ.பி. இண்டி, 1992 பெல்மான்டும் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கும் அவனுக்குத்தான். மகள் சீக்ரட்டேம் பெத்தது கான் வெஸ்ட். மூணு பேருமே ஸ்டட்ல பெரிய கைங்க, 37 வருஷமா யாரும் அடிக்காத டிரிபிள் கிரவுன (ஒரே வருஷத்துல டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூணும்) 2015ல அடிச்ச அமெரிக்கன் ஃபாரோவோட அம்மா வழியிலயும் ஸ்டார்ம் கேட் இருக்கான். தாயைப் போல பிள்ளைன்னு சொல்ற நம்ம ஆளுங்களே குதிரைன்னு வந்தா அப்பன் வழிய மட்டும் பாத்தா எப்படி?

அப்புறம், பாக்ஸ்ல செக்ரடேரியட்டோட பிரீக்னஸ் டைம் பழசப் போட்டிருக்கீங்க. 2012லயே மேரிலாந்து ரேசிங் கமிஷன் அத 1 நிமிஷம் 53 செகண்ட்னு மாத்திட்டாங்க, அதனால டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூணு ரெகார்டும் அவன் பேர்லதான் இருக்கு. அடுத்த இதழ்ல திருத்தம் போடுங்க சார், முடிஞ்சா பேரப்பிள்ளைங்க பேரையும் சேத்து.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்