கட்டுரைக்கு முன்னால் காலவரிசை

நாகர்கோவில்

அன்புள்ள அருள்,

உன் கடிதமும் கூடங்குளம் அணுஉலை எதிர்ப்புப் போராட்டத் தொகுப்புக்கு நீ போட்டிருக்கும் 22 தலைப்புகளும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். அக்காவின் முழங்கால் வலி தேவலையா என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. இந்த நூல் வரவேண்டும் என்று உன்னைப் போலவே நானும் ஆசைப்படுகிறேன். அதனால் மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

22 தலைப்புகளில் 9 தலைப்பு ஒரே நாளைப் பற்றியவை: 2012 செப்டம்பர் 10. கடற்கரையில் தடியடி, கண்ணீர்ப்புகை, ஜனங்கள் கடலில் இறங்கியது, அதே நாளில் மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தது. ‘போராட்டத்தைப் பற்றி எழுதித் தாருங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் யாராக இருந்தாலும் மறக்க முடியாத நாளைத்தான் எழுதுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, கேட்ட விதம் அப்படி. ஆனால் ஒன்பதையும் அடுத்தடுத்து வைத்தால் வாசிக்கிறவர் மூன்றாவதிலேயே பக்கத்தைத் தள்ளத் தொடங்குவார். நடந்தது அத்தனையும் உண்மையாக இருந்தும் அதன் கனம் போய்விடும்.

ஆகவே கட்டுரை கேட்பதை ஒரு மாதம் நிறுத்திவை. முதலில் காலவரிசையைக் கட்டு. பெரிய தாளில் ஐந்து கட்டம் போதும்: தேதி, இடம், நடந்தது, பார்த்தவர், கையிலிருக்கும் சான்று. எழுதப்போகிற எல்லோரையும் இரண்டு நாள் ஒரே கூரையின்கீழ் உட்காரவைத்து அதை நிரப்பச் சொல். தொடக்கத்தை 2011-இல் வைக்காதே. 1988 நவம்பர் 20-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து வா. 1989 மே 1-இல் கன்னியாகுமரியில் மீனவர் பேரணி முடிந்த இடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்ததே, அது உள்ளே வரவேண்டும். பேச்சிப்பாறைத் தண்ணீரை உலைக்குக் கொண்டுபோக இருந்த திட்டத்தைக் குமரி விவசாயிகள் எதிர்த்ததும், பிறகு கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குத் திட்டம் மாறியதும் வரவேண்டும். ‘புகுஷிமா வெடித்த பிறகு யாரோ தூண்டிவிட்டார்கள்’ என்று இன்றைக்கும் சொல்கிறவர்களுக்கு இந்த முதல் இரண்டு பக்கமே பதில்.

கட்டங்களை நிரப்பும்போதே சண்டை வரும், வரட்டும். போராட்டம் தொடங்கிய நாள் எது என்று கேட்டால் ஒருவர் 2011 ஆகஸ்ட் என்பார், இன்னொருவர் செப்டம்பர் 11 என்பார். ஆகஸ்டில் ஊர் திரண்டதை முதலாமவர் தொடக்கமாக எடுக்கிறார். இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் 127 பேர் காலவரையற்ற உண்ணாவிரதம் உட்கார்ந்ததை மற்றவர் எடுக்கிறார். இரண்டையும் எழுதி, எது எதன் தொடக்கம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரு நிகழ்வுக்கு அன்றைய தாள் ஒன்று, நேரில் பார்த்தவர் ஒருவர் என்று இரண்டு ஆதாரமாவது இருக்கட்டும். தாள் என்றால் துண்டறிக்கை, நாளிதழ், நீதிமன்ற ஆவணம், எதுவானாலும் சரி. நினைவு மட்டும்தான் என்றால் சான்றுக் கட்டத்தில் ‘நினைவு’ என்றே எழுதிவிடு. பத்து வருஷம் கழிந்த நினைவில் நடந்தது தப்பாது, தேதிதான் தப்பும்.

இதன் பெரிய பலன் வெற்றுக் கட்டங்கள். 2011 செப்டம்பர் 22-இல், மக்களின் அச்சம் தீரும்வரை பணியை நிறுத்தக் கேட்டு மாநில அமைச்சரவை தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 19-இல் அதே அமைச்சரவை உலையைத் திறக்கலாம் என்றது. சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் அது. இடையில் ஏறக்குறைய ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் உண்ணாவிரதப் பந்தல் எப்படி நடந்தது? யார் எந்தக் கிழமை உட்கார்ந்தார்கள், பீடி சுற்றும் பெண்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார்களா, கஞ்சிக்கு அரிசி யார் முறை? மார்ச்சில் 144 போட்டு ஊர்ச்சாலை அடைபட்டபோது பாலும் மருந்தும் எந்த வழியாக வந்தன? உன் பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

பணக் கணக்குக்குக் கட்டாயம் ஒரு கட்டுரை ஒதுக்கு. 2012 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்கே, போராட்டத்துக்குப் பின்னால் இருப்பதாக வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களைக் கைகாட்டினார். அதற்கு ஆவேசமாகப் பதில் எழுதினால் எடுபடாது. மீனவர்கள் வருமானத்திலிருந்து பங்கு கொடுத்தது எப்படி வசூலானது, எந்த நோட்டில் பதிந்தார்கள், ஒரு நாள் பந்தல் செலவு எவ்வளவு என்று நோட்டுப் பக்கத்தையே படமெடுத்துப் போடு. நோட்டில் தனியாள் பெயர் இருந்தால் மறைத்துவிடு, தொகையை மறைக்காதே.

கரையை விட்டு உள்ளே இருக்கும் ஊர்கள் பட்டியலில் மெலிந்து கிடக்கின்றன. கடலோரத்துக் கூத்தங்குழி, கூட்டப்புளி, பெருமணல் எல்லாம் இருக்கின்றன. கூடங்குளம் ஊரையும் வைராவிக்கிணற்றையும் காணோம். நிலம் கொடுத்தவர்கள், உலையில் வேலை பார்ப்பவர்கள் வீட்டிலிருந்தும் ஒரு குரல் வரட்டும். அவர்கள் போராட்டத்தோடு உடன்படாவிட்டாலும் வரட்டும். 2014 மக்களவைத் தேர்தலில் போராட்டத்தை முன்நின்று நடத்திய உதயகுமாரும் புஷ்பராயனும் ஜேசுராஜும் நின்றதைப் பற்றி இரண்டு கட்டுரை வை, சரி என்பவர் ஒன்று, தவறு என்பவர் ஒன்று. பொது முன்னுரையில் அதை நீ தீர்த்துவைக்க முயலாதே.

இனி, எழுதாதவர்களின் கட்டுரைகள். 22-இல் குறைந்தது பத்து கட்டுரைகள் பேச்சிலிருந்து வரவேண்டியவை, ஏனென்றால் பந்தலில் அதிக நாள் இருந்த பெண்கள் கட்டுரை எழுதித் தரப்போவதில்லை. ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய, பழகிய கைக்கே ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அதில் ஏறக்குறைய 6,000 சொல் தேறும், நமக்கு வேண்டியது 2,000. வாசலில் வைத்துப் பதியாதே, கடல்காற்று மைக்கில் விழுந்தால் பாதி கேட்காது. உள்ளறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, சட்டையில் குத்தும் சின்ன மைக்கில் பதி. தொடக்கத்திலேயே தேதி, ஊர், சம்மதம் மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துவிடு.

சுருக்கும்போது கை வைக்கக் கூடாத இடம் எது என்று உன் உதவியாளர்களுக்குச் சொல்லிக்கொடு. ‘அன்னைக்கு யாரும் தொழிலுக்குப் போகல’ என்று ஒருவர் சொல்கிறார் என்று வை. மெய்ப்புப் பார்ப்பவர் அதை ‘அன்று மீனவர்கள் மீன்பிடிக்கச் செல்லவில்லை’ என்று மாற்றுவார். இலக்கணம் சரியாகிவிட்டது, ஆள் காணாமல் போய்விட்டார். ‘யாரும்’ என்றபோது அவர் ஊரைச் சொன்னார், அது இப்போது யாரோ ‘மீனவர்கள்’ ஆகிவிட்டது. ‘தொழில்’ என்பது அந்தக் கரையில் கடலுக்கு இன்னொரு பெயர். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றின் பெயர் வந்தால் அப்படியே விடு, பின்னால் சொற்பட்டியலில் பொருள் போட்டுக்கொள்ளலாம். திரும்பத் திரும்ப வருவதை வெட்டு, வரிசையை மாற்று, ஆனால் அவர் சொல்லாத சொல்லைச் சேர்க்காதே. முடித்ததை அவருக்கே வாசித்துக்காட்டு. அச்சடித்த தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் அது சம்மதமாகாது.

வழக்கு எண்ணிக்கையில் மிகக் கவனம். தேசத்துரோக வழக்கு போடப்பட்டவர்கள் என்று ஒவ்வொரு அறிக்கையும் ஒவ்வொரு எண் சொல்லும். காரணம் முதல் தகவல் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் தெரியும். முதலில் சில பெயர், அதற்குப் பின்னால் ‘மற்றும் பெயர் தெரியாத இத்தனை பேர்’. ஒரே ஆள் பல வழக்குகளில் வருவார், பெயர் தெரியாதவர் கணக்கிலும் விழுவார். எல்லாவற்றையும் கூட்டினால் வருவது குற்றச்சாட்டுகளின் எண்ணிக்கைதானே ஒழிய ஆட்களின் எண்ணிக்கையாகாது. எத்தனை வழக்கு, பெயர் குறிப்பிடப்பட்டவர் எத்தனை, பெயரற்றவர் எத்தனை என்று மூன்றாகப் பிரித்து எழுது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ (தேசத்துரோகம்), 121 (அரசுக்கு எதிராகப் போர்) என்ற பழைய பிரிவு எண்களை மாற்றாதே. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்டது என்று அடிக்குறிப்பு கொடுத்தால் போதும்.

2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உலை இயங்கலாம் என்று சொன்னது. அதிலேயே போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கவும் சொன்னது. பல வழக்குகள் பின்னர் விலக்கப்பட்டன, எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடவில்லை. அதனால் ‘தடுப்பை நாங்கள்தான் தள்ளினோம்’ என்று தன்மையில் வரும் வாக்கியம் நூலில் அழகாக இருக்கும், நீதிமன்றத்தில் ஒப்புதலாக வாசிக்கப்படலாம். வள்ளியூர் நீதிமன்றத்துக்கு நடந்த வழக்கறிஞர் ஒருவர் முழுப் பிரதியையும் அச்சுக்கு முன் வாசிக்கவேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் ஆள் மறையமாட்டார். ஊர், பிள்ளைகள் எண்ணிக்கை, எந்தச் சிறை என்ற மூன்றும் சேர்ந்தாலே பக்கத்துத் தெருவுக்குத் தெரிந்துவிடும். ஒன்றையாவது எடுத்துவிடு. படத்தில் குழந்தைகள் முகம், படகின் பதிவு எண் இரண்டையும் பார்.

எழுதுகிறவர்களோடு ஒரு பக்க ஒப்பந்தம் இப்போதே போட்டுக்கொள். உரிமை எழுதியவருக்கே. நமக்கு இந்த நூலில் வெளியிடும் அனுமதி மட்டும். மொழிபெயர்ப்புக்கு மறுபடி கேட்கவேண்டும். பக்கம் அச்சுக்குப் போகும்வரை அவர் கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விற்ற பணம் எங்கே போகும் என்றும் அதிலேயே எழுதிவிடு. இதை நூல் வந்த பிறகு பேசித்தான் நல்ல குழுக்கள் உடைந்திருக்கின்றன.

அச்சு விஷயம் சுருக்கமாக. பழைய துண்டறிக்கைகள் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். யூனிகோடுக்கு மாற்றும்போது இடையில் ஆங்கில எழுத்தில் இருந்த நிறுவனச் சுருக்கப்பெயர்கள் பொருளற்ற தமிழெழுத்துகளாக மாறிவிடும், கொம்பும் காலும் இடம் மாறும். மாற்றிய கோப்பை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட ஆள் வேண்டும். கூடங்குளமா கூடன்குளமா, அணுஉலையா அணு உலையா என்று இருபது சொல்லுக்கு ஒரு தாள் போட்டு எல்லோருக்கும் கொடு. படங்களை வாட்ஸ்அப்பில் படமாக வாங்காதே, அளவும் குறையும், எடுத்த தேதியும் அழியும். டாக்குமென்டாக அனுப்பச் சொல். நான்கு அங்குல அகலத்துக்கு 1,200 பிக்சலாவது இருக்கவேண்டும்.

டெம்மி அளவில் பக்கத்துக்கு 240 சொல் என்று வைத்தால் 44,000 சொல்லுக்கு 183 பக்கம். காலவரிசைக்கு 14, வரைபடத்துக்கு 2, முன்பகுதிக்கு 10, சொற்பட்டியலுக்கு 6, படங்களுக்கு 8. கூட்டினால் 223. ஒரு பக்கம் சேர்த்து 224 ஆக்கினால் 16 பக்கம் சேர்ந்து அச்சாகும் பாரம் சரியாக 14. இதற்கு மேல் இரண்டு பக்கம் கூடினாலும் இன்னொரு பாரத்துக்குச் செலவு போகும். அதனால் கடைசி நேரத்தில் வரும் இரங்கல் குறிப்புக்கும் நன்றியுரைக்கும் முன்பகுதியிலேயே இடம் விட்டுவை. 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள் போதும். வெளிவந்த 30 நாளுக்குள் கன்னிமாரா உட்பட சட்டப்படி அனுப்பவேண்டிய நான்கு நூலகங்களுக்கும் பிரதி அனுப்பிவிடு. நாளைக்கு யாராவது தேடி வந்தால் அங்கே கிடைக்கும்.

செப்டம்பர் 10-ஐ விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த ஒன்பது கட்டுரைகளிலிருந்தும் அந்த நாளைப் பற்றிய பகுதிகளை மட்டும் எடுத்து, நேர வரிசையில், ஒவ்வொரு பத்திக்கும் சொன்னவர் ஊரைப் போட்டு ஒரே கட்டுரையாகக் கோத்துப் பார். முந்தின நாள் கடற்கரை வழியாக நடந்ததிலிருந்து தொடங்கி, 13-ஆம் தேதி கடலுக்குள் இறங்கி நின்றதுவரை போகலாம். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் வேறுவேறு இடத்தில் நின்றிருக்கிறார்கள். அதை அடுக்கினால்தான் கரை முழுவதும் தெரியும். மீதிப் பகுதிகளைக் கொண்டு அவர்களையே பந்தல், கணக்கு, சிறை, நீதிமன்ற வாய்தா என்று ஆளுக்கொன்று எழுதச் சொல்.

காலவரிசைத் தாளில் 2012 மார்ச், செப்டம்பர் இரண்டு மாதமும் நிரம்பியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. என்னிடமுள்ள நாளிதழ் நறுக்குகளோடு தேதி ஒத்துப்பார்த்து ஒரு வாரத்தில் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
முத்து