கிரவல் குழிகளில் கரையும் தொல்பழங்காலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் ஞாயிறு இதழில் அண்மையில் வெளிவந்த ஆதிமனிதர் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். இப்பொருளுக்கு ஒரு தமிழ் நாளேடு இடம் ஒதுக்கியமை மகிழ்ச்சி தருகிறது. ஆயினும், இலங்கையின் கற்கால மக்கள் மலைக்குகைகளில் மட்டுமே அரைவிலங்கு நிலையில் வாழ்ந்தனர் என்றும், நமது கிழக்குக் கரைக்கும் அக்காலத்துக்கும் தொடர்பே இல்லை என்றும் வாசகர்கள், குறிப்பாக மாணவர்கள், எண்ணிவிடக்கூடிய வகையில் அக்கட்டுரை அமைந்திருப்பதால், நெடுங்காலம் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில் சிலவற்றையும், கிரவல் அகழ்வால் அம்மக்களின் தடயங்கள் அழிவதையும் எழுத விரும்புகிறேன்.

பலாங்கொடை மனிதன் எனப் பெயர் பெற்ற அம்மக்களைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி தென்மேற்கு ஈரவலயக் குகைகளிலிருந்து கிடைத்தது என்பது உண்மையே. களுத்துறை மாவட்டத்தின் பாஹியன்கல குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கியிருந்தனர். குருவிற்றைக்கு அருகிலுள்ள பட்டதொம்பலெனவிலும் கித்துல்கலவின் பெலிலெனவிலும் 30,000 ஆண்டுகளைக் கடந்த, மனிதர் வாழ்ந்த தடயங்கள் கொண்ட மண்படைகள் (மண்ணடுக்குகள்) உள்ளன. இவ்விடங்களில் கிடைத்த நுண்கற்கருவிகள் பெரும்பாலும் வெண்படிகக் கல்லில் செதுக்கப்பட்டவை. விரல்நுனி அளவே உள்ள அவற்றுட் சில பிறைவடிவிலும் முக்கோண வடிவிலும் திருத்தமாக அமைந்திருக்கின்றன. ஐரோப்பாவில் இத்தகைய வடிவங்கள் பரவலாகத் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே இங்கு அவை வழக்கில் இருந்தன. பாஹியன்கலவில் எடுக்கப்பட்ட எலும்பு முனைகளில் வேகமாகப் பாய்ந்து மோதியதால் ஏற்பட்ட வெடிப்புகளை ஆராய்ந்த அறிஞர்கள், வில்லும் அம்பும் பயன்பட்டமைக்கு ஆபிரிக்காவுக்கு வெளியே அறியப்பட்ட மிகப் பழைய சான்றுகளுள் இவையும் அடங்கும் என 2020இல் எழுதினர். மரத்துக்கு மரம் தாவும் குரங்கையும் மலையணிலையும் வீழ்த்தி, மரநத்தையையும் காட்டுமரமான கெக்குனவின் கொட்டையையும் சேகரித்து, கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள குகையில் கடற்சிப்பி மணிகளை அணிந்து வாழ்ந்த அம்மக்கள் உடலாலும் அறிவாலும் நம்மைப் போன்ற ஹோமோ சேப்பியன் மனிதரே. அவர்களை அரைவிலங்கு என்று எழுதுவது அறிவியலுக்கும் பொருந்தாது, நம் முன்னோர்க்குக் காட்டும் மரியாதைக்கும் பொருந்தாது.

அவர்கள் என்ன உண்டனர் என்பது எப்படித் தெரியும் என்று மாணவர்கள் கேட்பார்கள். எலும்புக் குவியல் ஒரு சான்று; பல் மற்றொன்று. அடர்ந்த மரநிழலில் வளரும் செடிகொடிகளிலும் திறந்த புல்வெளித் தாவரங்களிலும் காபன் சமதானிகளின் (எடையில் வேறுபடும் காபன் அணுக்களின்) விகிதம் வேறுபடுகிறது. அவ்வேறுபாடு உண்பவரின் பல் மிளிரியில் (பல்லின் கடினமான மேலுறையில்), அது உருவாகும் சிறுவயதிலேயே பதிந்துவிடுகிறது. வெப்பவலய மண்ணில் எலும்பின் புரதம் விரைவில் அழிந்தாலும் பல் மிளிரி நிலைத்து நிற்கும். தொல்லியல் ஆய்வாளர் பற்றிக் றொபேட்ஸ் தலைமையிலான குழுவினர் இலங்கையில் கிடைத்த தொன்மனிதப் பற்களை இவ்வாறு ஆராய்ந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அம்மக்கள் மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்தமையை 2015இல் வெளிப்படுத்தினர். மழைக்காடு வேட்டுவ வாழ்வுக்கு ஒவ்வாதது என்ற பழைய கருத்து அதனால் ஆட்டம் கண்டது.

ஆனால் குகையில் அதிகம் கிடைப்பதால் மக்கள் குகையில்தான் அதிகம் வாழ்ந்தனர் என்று முடிவு செய்வது தவறு. குகைக்கூரை மழையைத் தடுக்கிறது. அடுப்புச் சாம்பலும் நத்தை ஓடுகளும் மண்ணின் அமிலத்தைத் தணித்து எலும்பைக் காக்கின்றன. திறந்தவெளியில் எலும்பு கரைந்து போகக் கல் மாத்திரம் எஞ்சுகிறது. எனவே திறந்தவெளி வாழ்விடங்களைக் கண்டறியப் பழகிய கண் வேண்டும். அத்தகைய கண்ணுடன் தேடிய இடங்களிலெல்லாம் சான்று கிடைத்திருக்கிறது. நமது வன்னியின் இரணைமடுவே ஒரு மண்படைத் தொகுதிக்குப் பெயர் கொடுத்திருக்கிறது என்பதை எத்தனை தமிழ் மாணவர் அறிவர்? செம்மணலும் அதன் அடியில் கிரவலும் கொண்ட அப்படைத்தொகுதியில் கற்கருவிகள் உள்ளன. அதே வகைப் படைகளைத் தெற்கே புந்தல பகுதியில் அகழ்ந்த தொல்லியலாளர் கலாநிதி சிரான் தெரணியகல, அங்குள்ள கருவிகளுள் பழையவற்றை ஏறத்தாழ 125,000 ஆண்டுகள் எனக் கணித்தார். அம்பாந்தோட்டைக் கரையோரத்தில் மினிஅத்திலியவில் சிப்பிமேடும் (உண்டு எறிந்த சிப்பி ஓடுகளின் குவியலும்) மனித எலும்புகளும் வெளிப்பட்டன. மன்னாரின் பழைய மாந்தைத் துறைமுகத்தின் வரலாற்றுக்காலப் படைகளுக்குக் கீழே நுண்கற்கருவி மக்களின் படை ஒன்று கிடக்கிறது.

இனி நமது திருகோணமலை மாவட்டத்துக்கு வருகிறேன். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், உலகெங்கும் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக்கு நீரிணை அப்போது தரையாயிருந்தது. மன்னார்ப் பக்கத்தில் அன்றைய கரையோர மக்கள் நடமாடிய சமவெளி முழுவதும் இன்று நீரடியில் உள்ளது. திருகோணமலையின் நிலை வேறு. இங்கு கண்டமேடை (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி நிலம்) மிக ஒடுங்கியது. கடலடிப் பள்ளத்தாக்கு கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே நுழைந்து வருகிறது. நம் துறைமுகத்தின் புகழ்பெற்ற ஆழத்துக்கும் அதுவே காரணம். ஆகவே கடல் எவ்வளவு வற்றியபோதும் இங்கு கரை வெகுதூரம் விலகிச் செல்லவில்லை. குச்சவெளி, நிலாவெளிப் பக்கத்துப் பாறைக்குன்றுகளும் மகாவலி கடலில் கலக்கும் மூதூர்ச் சமவெளியும் பனிக்காலத்திலும் கடலுக்கு எட்டிய தொலைவிலேயே இருந்திருக்க வேண்டும். மற்றக் கரைகளில் நீரில் மூழ்கிப்போன கரையோர வாழ்வின் தடயங்களைத் தரையிலேயே தேடக்கூடிய மாவட்டம் நம்முடையது என்பது எனது உறுதியான கருத்து.

அந்தத் தேடலுக்கு முன்னரே நிலம் அழிகிறது என்பதுதான் என்னை வருத்துகிறது. வீதிக்கும் வீட்டுக்கும் கிரவல் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கற்கருவிகள் தங்கும் படையும் பெக்கோ இயந்திரம் அள்ளும் படையும் பெரும்பாலும் ஒன்றே. இதனுடன் புதையல் தோண்டுவோரின் கேடும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கற்கருவியின் மதிப்பு அது கிடந்த படையில் இருக்கிறது. எந்த மண்ணில், எந்தக் கரித்துண்டுக்கு அருகில், எந்த ஓட்டுக்கு மேலே கிடந்தது என்பது தெரியாவிட்டால், ஏடு கிழிந்து ஒற்றை எழுத்து மாத்திரம் கைக்கு வந்தது போலாகிவிடும். கரியைக் கொண்டு காலம் கணிக்கும் முறை, காபன்-14இன் அரைவாழ்வுக்காலமான (அதில் பாதி சிதைய எடுக்கும் காலமான) 5,730 ஆண்டுகளை அடிப்படையாகக் கொண்டது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அது பயன்படாது. அதற்கு அப்பால், மணற்பருக்கை கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை அளக்கும் ஒளிர்வு முறை உதவுகிறது. இருளில் கிடக்கும் படிகப்பருக்கை சுற்றுமண்ணின் இயற்கைக் கதிர்வீச்சைச் சிறிது சிறிதாகத் தன்னுள் சேர்த்து வைக்கிறது. வெளிச்சம் பட்ட கணத்தில் அச்சேமிப்பு அழிந்துவிடுகிறது. அதனாற்றான் ஆய்வாளர்கள் உலோகக் குழாயை மண்சுவருக்குள் அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் மாதிரி எடுக்கின்றனர். கிளறிக் கொட்டப்பட்ட மண்குவியலில் அக்கணக்கு என்றென்றைக்குமாக அழிந்துவிட்டது.

கட்டுரையாளர் இலங்கையின் பழங்குடிகளான வேடர்களைக் கற்கால மனிதரின் எச்சம் எனக் குறிப்பிட்டதும் எனக்கு உடன்பாடில்லை. பழைய எலும்புக்கூடுகளுக்கும் வேட சமூகத்துக்கும் இடையிலான உடற்கூற்று ஒப்புமையை மானிடவியலாளர் கென்னத் கென்னடி போன்றோர் ஆராய்ந்துள்ளனர். அது மதிப்புக்குரிய ஆய்வு. எனினும் வெருகலிலும் மூதூர்ப் பக்கத்திலும் தமிழ் பேசி, மீன்பிடித்தும் பயிர்செய்தும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியும் வாழும் கரையோர வேடர் நமது அயலவர். அவர்கள் கற்காலத்தில் உறைந்து நின்றவர்கள் அல்லர். அவர்களுக்கும் நமக்கும் ஒரேயளவு நீண்ட வரலாறு உண்டு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. நம் மாகாணத்தில் தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டாலே, யாருடைய காணி பறிபோகும் என்ற அச்சம் எழுகிறது. அந்த அச்சத்துக்குக் காரணங்கள் உள்ளன. ஆனால் நுண்கற்கருவி செதுக்கியவர்கள் எந்த மொழி பேசினர் என்பதைக் கல்லும் எலும்பும் சொல்லமாட்டா. இன்றைய எந்த இனமும் அவர்களைத் தனக்கு மட்டும் உரிமை கொண்டாட இடமில்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் அனைவரின் பிள்ளைகளும் ஒன்றாக நின்று கற்கக்கூடிய காலம் இது. ஆகையால் அச்சத்தின் பொருட்டு நாம் இத்துறையைக் கைவிடுவது நமக்கே இழப்பாகும். பல்கலைக்கழகங்களில் தொல்லியல் பயிலும் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் கல்வெட்டுக்கும் கோயிலுக்கும் அப்பால் கற்காலத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என விரும்புகிறேன்.

கிரவல் அகழ அனுமதி வழங்குமுன், நுண்கற்கருவியை அடையாளம் காணத்தெரிந்த ஒருவர் நிலத்தைப் பார்வையிடுவதை மாவட்ட அதிகாரிகள் நிபந்தனையாக்க வேண்டும். கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ, கூரிய விளிம்புடைய படிகச் சில்லுகள் ஓரிடத்தில் செறிந்து கிடக்கக் காண்பவர்கள், அவற்றைப் பொறுக்காமல், அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கோ அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்கோ அறிவிக்கவேண்டும். அனுமதியின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவர்கள் அறிந்திருத்தல் நன்று. தங்கள் சிறுவர் பக்கத்தில் நுண்கற்கருவிகளின் வரைபடங்களை உண்மை அளவிலேயே அச்சிட்டு, இயற்கையாக உடைந்த கல்லுக்கும் மனிதர் செதுக்கிய கல்லுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி ஒரு சிறு தொடர் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.