தூர்வாரும் முன் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய துறைமுகப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். கேரள எல்லையை ஒட்டிய குமரிக் கரையிலிருந்து எழுதுகிறேன். நான் நிலவியல் படித்தவள். அப்பாவும் அண்ணனும் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள்.

கோடையில் துறைமுக வாயைத் தூர்வாரி, ஆழம் 3 மீட்டர் என்று தாள் ஒட்டினீர்கள். ஜூனில் என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும். தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன, நாட்டு வள்ளங்கள் மட்டும் போய் வந்தன. விடியற்காலையில் திரும்பிய அண்ணனின் வள்ளம் அதே வாயில் அடிமணலில் தட்டி நின்றது. பின்னால் வந்த அலை புரட்டிப் போட்டது. ஆட்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். வலை போனது போனதுதான்.

இன்ஜின் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. பிரித்தால், தண்ணீர்க் குழாய் முழுக்க மணல் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. ஊசியால் குத்தித்தான் எடுத்தேன். காயவைத்துச் சலித்தால், கால் மில்லிமீட்டர் சல்லடையில் ஏறக்குறைய எல்லாமே இறங்கிவிட்டது. இவ்வளவு நைசான மணலைத் தென்மேற்குப் பருவக்காற்றின் அலை சுலபமாகக் கிளப்பிவிடும். தோண்டிய பள்ளம் அதற்கு நல்ல படுக்கை. சலித்த மணலில் வலுவான காந்தத்தைக் காட்டினால் கறுப்பு மணல் ஒட்டியது. நம் கரையின் இல்மனைட் என்ற கனமான தாதுமணல்தான். சாதாரண மணல் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம் என்றால், இது 4.7 அளவில் இருக்கும். லேசான மணலை அலை அள்ளிப்போனாலும் கனமானது தங்கிவிடும். அதனால் கோடையில் பார்த்த அடிமண் மழைக்காலத்திலும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

உள்ளே படகு கட்டும் இடத்தில் கதை வேறு. அங்கே கஞ்சி மாதிரிச் சேறு. ஆழம் அளக்கும் கருவி கீழே ஒலியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்துத்தான் அளக்கிறது. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி சேற்றின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும், 33 கிலோஹெர்ட்ஸ் உள்ளே இறங்கும். நீங்கள் அளந்தது எதில்? தாளில் அது இல்லை. மணலுக்கும் சேற்றுக்கும் சேர்த்து ஒரே 3 மீட்டர்!

நாங்கள் கேட்பது பெரிய காரியமில்லை. தூர்வாருவதற்கு முன்னும் மழைக்காலம் முடிந்த பின்னும் அடிமண்ணை எடுத்துப் பாருங்கள். பருமன், அடர்த்தி, சேறு எவ்வளவு, மணல் எவ்வளவு என்பதை எங்களுக்கும் காட்டுங்கள்.

போன தடவை கேட்டதற்கு, மணல் கேரளப் பக்கத்திலிருந்து வருகிறது, அங்கே கேளுங்கள் என்றார் ஒருவர். அதன் ரேஷன் கார்டு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று நாங்கள் விசாரிக்கவில்லை, தப்புதான். கல் கொட்டத் தோன்றும்போதெல்லாம் பணம் வருகிறது. ஒரு வாளி மண் எடுக்கத்தான் நிதி இல்லையாம்.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள். அடுத்த ஜூனுக்கு முன் அடிமண்ணை எடுத்துப் பாருங்கள், பார்த்ததைக் காட்டுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். போய்வர எங்கள் வள்ளம் இருக்கிறது, டீசலும் எங்கள் செலவு. மண் அள்ளும் கருவியை மட்டும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
வள்ளக்காரர் வீட்டுப் பெண்