டைல்ஸுக்கு முன்னால் காற்றுக்கு வழி செய்யுங்கள்

துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அறிவியல் ஆய்வகங்களைப் புதுப்பிக்கப் பணம் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் எங்கள் துறையில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். நம்முடையது சின்னப் பல்கலைக்கழகம், இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி எப்போது வரும் என்று தெரியாது, அதனால்தான் டெண்டர் விடுவதற்கு முன்பே இதை எழுதுகிறேன்.

வேலைப் பட்டியலைப் பார்த்தேன். வெள்ளை டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், புது மேசைகள், ஸ்ப்ளிட் ஏசி. ஆய்வகத்தின் நச்சு ஆவிகளை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கதவுள்ள பெட்டி, அதாவது ஃப்யூம் ஹூட், பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் வேதியியலில் நான்காம் ஆண்டு ஆய்வு மாணவி. எங்கள் ஹூட்டின் கண்ணாடிக் கதவை ஒரு சாண் தூக்கி, விளிம்பில் டிஷ்யூ பேப்பரை நறுக்கி ஒட்டிப் பாருங்கள். ஹூட் வேலை செய்தால் அது உள்பக்கமாகப் பறக்கும். எங்களிடம் அசையாமல் தொங்குகிறது. விநாடிக்குச் சுமார் அரை மீட்டர் வேகத்தில் காற்று உள்ளே போகவேண்டும் என்பதுதான் பொதுவான கணக்கு. இப்போதைக்கு ஜன்னலைத் திறந்து வைத்துச் சமாளிக்கிறோம். ஏசி வந்தால் அதையும் மூடிவிடுவோம். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, அறைக்குள் இருக்கிற காற்றையே குளிரவைத்துச் சுற்றிவிடும், ஆக ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி எங்கள் நெஞ்சுக்குள்ளும் கருவிகளுக்குள்ளும்தான் போகும். தராசு மேசையின் திருகுகள் ஏற்கெனவே துருப்பிடித்துவிட்டன. புது மோட்டாரும் குழாயும் போட்டால் மட்டும் போதாது, வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். சுவரைப் பூசிய பிறகு இதைச் செய்ய முடியாது, மறுபடி உடைக்கத்தான் வேண்டும்.

அப்புறம் மின்சாரம். போன கோடையில் ஒரு ராத்திரி கரண்ட் போனதில் உயிரியல் துறையின் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் நின்றுவிட்டது, என் தோழி இரண்டு வருடமாகச் சேர்த்த சாம்பிள்கள் யாரும் கவனிப்பதற்குள் தண்ணீராகிவிட்டன. அவள் அன்று யாரிடமும் பேசவில்லை. அந்த ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் லைன், ஆள் இல்லாத நேரத்தில் எங்கள் போனுக்கு வருகிற மாதிரி ஒரு அலாரம், ஒழுங்கான எர்த்திங், இவ்வளவுதான் கேட்கிறோம்.

ராமன் எளிய கருவிகளை வைத்தே நோபல் வாங்கவில்லையா என்று எங்களிடம் சொல்வார்கள். சரி, ஆனால் 1907-இல் கல்கத்தாவில் நிதித்துறை வேலைக்குப் போன அவருக்கு, மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கிய ஆய்வகம் அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் திறந்திருந்தது. எங்கள் ஆய்வகம் 5 மணிக்குப் பூட்டப்படுகிறது. 12 மணி நேரம் ஓடவேண்டிய வினையை நாங்கள் எப்போது தொடங்குவது?

வரைபடத்தை முடிவுசெய்யும் முன் எங்கள் அட்டெண்டர் அண்ணனையும் கூப்பிட்டுக் கேளுங்கள். எந்தத் தொட்டி அடைக்கும், எந்த பிளக்கில் ஷாக் அடிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு நாள் நீங்களே மதியம் 3 மணிக்கு, நாங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது, மேலே வந்து அரை மணி நேரம் எங்களோடு நில்லுங்கள். டெண்டரை அதற்கப்புறம் விடுங்கள்.

இப்படிக்கு,
வேதியியல் துறை ஆய்வு மாணவி