இனி 'செட் மாத்திரை' இல்லை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் ஒரு தம்பி நைட் ஷிஃப்ட் முடிந்து பனியன் கம்பெனியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். சட்டையெல்லாம் பஞ்சுத் துகள், கண் சிவந்திருந்தது. "அண்ணா, சளி, காய்ச்சல். ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு குடுங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்றார். பாராசிட்டமாலும் சளி மாத்திரையும் எடுத்துக் கொடுத்தேன். கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எப்பவும் ஒரு பெரிய மாத்திரை இருக்குமே, அது எங்கேண்ணா?" என்று கேட்டார். அந்தப் பெரிய மாத்திரையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அது ஆன்டிபயாடிக். டாக்டர் சீட்டு இல்லாமல் அதை இனி எங்கள் கடையில் கொடுப்பதில்லை. போன வருஷத்துச் சீட்டைக் காட்டினாலும், பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டினாலும் கொடுப்பதில்லை. முன்பு கொடுத்திருக்கிறோம். சின்னக் காகிதக் கவரில் நாலு மாத்திரையைப் போட்டு எத்தனையோ பேரிடம் நீட்டியிருக்கிறோம். அது தவறு. அதைச் சொல்லாமல் உங்களிடம் விதி மட்டும் பேசுவது முறையல்ல என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாதாரண சளி, மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு எல்லாம் பெரும்பாலும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. செட் மாத்திரை சாப்பிட்ட மூன்றாம் நாள் தேறியது அந்தப் பெரிய மாத்திரையால் அல்ல, அது இல்லாமலும் தேறியிருக்கும். ஆனால் உடம்புக்குள் அது வேறொரு வேலை செய்துவிடுகிறது. மருந்துக்கு அடங்குகிற கிருமிகள் சாகின்றன, அடங்காதவை தங்கிப் பெருகுகின்றன. நாளைக்கு நிஜமாகவே நுரையீரலிலோ சிறுநீரிலோ தொற்று வந்தால், அதே மாத்திரை கேட்காது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே இதற்குப் பயந்தார். யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம் என்ற நிலை வந்தால், குறைந்த அளவில் சாப்பிட்டுக் கிருமிகளைப் பழக்கிவிடுவார்கள் என்றார். அவர் சொன்ன அந்தக் கடை எங்களுடையது மாதிரிக் கடைதான் என்று நினைக்கும்போது மனது கேட்கவில்லை.

சில மாத்திரைகளுக்கு உங்கள் பெயரையும் டாக்டர் பெயரையும் நோட்டில் எழுதுகிறோம். "போலீஸ் கேஸா இது?" என்று ஒரு அக்கா கோபித்துக்கொண்டார். செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்சசின் போன்றவை 'ஷெட்யூல் எச்1' என்ற பட்டியலில் இருக்கின்றன. 2014 மார்ச் 1 முதல் இவற்றுக்கு நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று பதிந்து 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அட்டையின் பின்புறம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது. ஒரு பெண் தன் அப்பாவுக்கு மாத்திரை வாங்க மூன்றாவது முறையாக வந்தார். நிமோனியாவுக்கு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவர். "அப்பா ரெண்டு வாரமாச் சரியாச் சாப்பிடறதில்லைண்ணா, வயித்தால வேற போகுது" என்றார். டிஸ்சார்ஜ் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆன்டிபயாடிக் பெயருக்கு நேராக 1-0-1, அதாவது காலையும் இரவும். எத்தனை நாள் என்ற கட்டம் காலி. ஷீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டுப் பேசினோம். டாக்டர் நினைத்திருந்தது வீட்டில் மூன்று நாள்தான். அவர் சாப்பிட்டிருந்தது இருபது நாள். உடனே நிறுத்தச் சொல்லி, அன்றைக்கே நேரில் அழைத்துவரச் சொன்னார். முதல் இரண்டு முறை நாங்களும் கேட்காமல்தான் கொடுத்திருக்கிறோம்.

டிஸ்சார்ஜ் ஆகும் அவசரத்தில் பில், இன்சூரன்ஸ், ஆட்டோ என்று அலையும்போது இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாது. தயவுசெய்து கேளுங்கள்: "இன்னும் எத்தனை நாள் டாக்டர்?" ஆஸ்பத்திரியில் ஊசியாக ஏறிய நாட்களும் கணக்கில் சேரும். சாதாரண நிமோனியா வந்து நன்றாகத் தேறி வருகிறவருக்கு மொத்தமே 5 நாள் பெரும்பாலும் போதும் என்றுதான் இப்போது வழிகாட்டுகிறார்கள். அதிக நாள் சாப்பிட்டால் அதிக நல்லது என்பதில்லை. குடலில் இருக்கும் நல்ல கிருமிகளும் சேர்ந்து சாகின்றன, அதில்தான் பல பேருக்கு வயிற்றால் போகிறது. அதற்காக நீங்களாக நடுவில் நிறுத்திவிடாதீர்கள். நாளைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும். காசநோய் மாத்திரை முற்றிலும் வேறு கணக்கு. வழக்கமாக 6 மாதம், ஒரு நாள் விடக் கூடாது.

காசநோய் என்றதும் இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் பஞ்சுத் தூசி என்று விட்டுவிடாதீர்கள், சளிப் பரிசோதனை செய்யுங்கள். சும்மா லெவோஃப்ளாக்சசின் வாங்கிச் சாப்பிட்டால் காசநோய் கொஞ்ச நாள் பதுங்கிவிடும். கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போகும், ஃபீஸ் வேறு என்பது எங்களுக்கும் தெரியும். அந்தத் தம்பியும் அதைத்தான் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பதற்கும் மருந்துக்கும் காசில்லை. நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் மாலையிலும் டாக்டர் இருக்கிறார், வேலை விட்டு வரும் வழியில் போகலாம். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ கடைக்கு வரவே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, சீட்டோடு வருகிறவர்களுக்கு நாங்கள் செய்யப் போவது இதுதான். சீட்டில் இருக்கும் நாளுக்கு எண்ணித்தான் மாத்திரை தருவோம். கவரில் கடைசி மாத்திரை எந்தத் தேதி என்று எழுதித் தருவோம். பாலோடு, இரும்புச்சத்து மாத்திரையோடு, அல்சர் மருந்தோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாதவை இருந்தால் சொல்லி அனுப்புவோம். டிஸ்சார்ஜ் ஆகி வருகிறவர்கள் மாத்திரைச் சீட்டை மட்டும் கிழித்துக்கொண்டு வராமல், முழு ஷீட்டையும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். நாள் எழுதவில்லை என்றால் உங்களை வைத்துக்கொண்டே டாக்டருக்குப் போன் போடுவோம். பத்து நிமிஷம் ஆகலாம், பெஞ்சு போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக்கடை, திருப்பூர்